போய் வந்த பயறு

கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேச்சிராஜ், வாயில் தேக்கி வைத்திருந்த வெற்றிலைச் சாற்றை முளைப்பாரி வீட்டுச் சுவரோரமாகத் துப்பினார். எட்டு நாளாக மாடத்தி ஈரச்சேலையோடு மட்டுமே நுழைந்து வந்த வீடு அது. சிவப்பாக வழிந்தது.

"கூசாம சொல்லுட்டி. இந்த எட்டு நாள்ல நீ தூரமானியா, இல்லியா?"

கோயில் கமிட்டித் தலைவர் அவர். பின்னால் கமிட்டிக்காரர்கள் நான்கு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பதிலுக்காக நின்றார்கள். ஒருவன் பல் குத்திக்கொண்டிருந்தான். குத்தி எடுத்ததைப் பார்த்துவிட்டு மறுபடி வாயிலேயே போட்டுக்கொண்டான். நாற்பத்து மூன்று வயதில், கல்யாண வயசில் மகள் இருக்கும்போது, மாடத்தி தன் மாதவிலக்கின் கணக்கை இந்த ஐந்து பேருக்கும் ஒப்பிக்க வேண்டியிருக்கிறது.

"இல்ல" என்றாள்.

ஐந்து பேரில் ஒருவரும் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவது அந்த ஊரில் ஆறு வருஷமாக அவள்தான். ஆலங்குளத்துக்குப் போகிற வழியில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை. மிளகாயும் தக்காளியும் லட்சக்கணக்கில் அவள் விரல் வழியாக முளைத்துப் போயிருக்கின்றன. விதையைப் போட்டு, இருட்டறையில் வைத்து, ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதமிருந்து தண்ணீர் தெளிப்பாள். எட்டாம் நாள் கதவைத் திறக்கும்போது முளை தளதளவென்று நின்றால் ஊர் செழிக்கும். குன்றிப் போயிருந்தால் வளர்த்தவளிடம் ஏதோ குற்றம். இத்தனை வருஷமும் குன்றியதில்லை, அதனால் இந்த இரண்டாவது வாக்கியத்தை அவள் யோசித்துப் பார்த்ததும் இல்லை.

இந்த வருஷம் பேச்சிராஜின் தங்கை மகன் ஜெகதீஸ்வரன் பெங்களூரிலிருந்து இரண்டு பொட்டலம் சிறுபயறு கொண்டுவந்தான். செயற்கைக்கோள் செய்யும் கம்பெனியில் என்ஜினியர். இரண்டும் ஒரே வயலில் ஒரே நாளில் அறுத்த பயறு. ஒன்று நான்கு மாதம் பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. மற்றது அவன் ஆபீஸ் மேசை இழுப்பறையை விட்டு எங்கும் போகாதது. இரண்டு சட்டி, ஒரே மண், ஒரே தண்ணீர். போய் வந்ததற்குச் சிவப்பு நூல், போகாததற்கு வெள்ளை நூல்.

"மேல கதிர்வீச்சு ஜாஸ்திக்கா. இங்கன நமக்குக் காத்து மண்டலம் குடை மாதிரி மறைக்கி, அங்கன அது கிடையாது. விதைக்குள்ள என்ன மாறியிருக்குன்னு முளைச்சாத்தான் தெரியும். பிந்தி முளைக்கலாம், வித்தியாசமே இல்லாமயும் இருக்கலாம். நூத்துக்கு எத்தனைன்னு தெனமும் எண்ணி எழுதி வைங்க" என்று சொல்லி ஒரு நோட்டையும் கொடுத்தான்.

இந்தப் பேச்சு மாமன் காதுக்குப் போகவில்லை. ஆகாயத்துக்குப் போன பயறு முழங்கால் உயரம் வளரும் என்று பேச்சிராஜ் தாமாகவே முடிவு செய்து, டிவிக்காரர்களுக்கும் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் வெள்ளை நூல் சட்டியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று முளைத்திருந்தது. சிவப்பு நூலில் முப்பத்தெட்டு. ஐந்தாம் நாள் அது ஐம்பத்தேழு ஆனது, அதோடு நின்றது. முளைத்ததிலும் சில ஒற்றை இலையோடு சுருண்டு கிடந்தன. பயந்துபோய் ஜெகதீஸ்வரனுக்குப் போன் போட்டாள். "சூப்பர்க்கா! இதத்தான் எதிர்பாத்தோம்" என்று அவன் துள்ளினான். அந்தத் துள்ளலை நம்பித்தான் மிச்ச மூன்று நாளும் நிம்மதியாகத் தண்ணீர் தெளித்தாள்.

இப்போது எட்டாம் நாள், கதவைத் திறந்து இரண்டு சட்டியையும் வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். அதே ஜெகதீஸ்வரன், நாலு பேருக்கும் பின்னால் நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, ரெண்டு சட்டிக்கும் நான்தான் தண்ணி ஊத்துனேன். தீட்டுன்னா அது எப்படி ஒரு சட்டிக்கு மட்டும் ஒட்டும்?"

பேச்சிராஜ் குனிந்து, சிவப்பு நூலை அவிழ்த்துத் தளதளவென்று நின்ற சட்டியில் கட்டினார். வெள்ளை நூலைச் சொட்டை விழுந்த சட்டியில் கட்டினார். சட்டைப் பித்தானைப் போடுகிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக.

"ஆகாயத்துக்குப் போனது இது. நம்ம ஊர்ப் பயறுதான் உன் கையில கெட்டுப் போச்சு. சாயந்தரம் அம்மனுக்கு முன்னால, சபையில விழுந்து தப்புன்னு ஒத்துக்கோ. அதோட விட்டுருதோம்."

மாடத்தி என்ஜினியரைப் பார்த்தாள். அவன் தலையை நிமிர்த்தவில்லை.

மத்தியானம் வீட்டுக்கே வந்தான். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்திருப்பான் போல, தலையில் எண்ணெயும் சீயக்காயும் மணத்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அவள் கொடுத்த தண்ணீரைச் சொட்டு விடாமல் குடித்தான்.

"தம்பி, உனக்குத் தெரியும்லா. ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"மாமாவுக்கு மானப் பிரச்சினை ஆயிட்டுக்கா. டிவிக்காரன் வேற வாரான். ஒரு நிமிஷம் விழுந்து எந்திரிச்சா முடிஞ்சிரும், நாளைக்கே எல்லாரும் மறந்துருவாங்க." குரலைத் தாழ்த்தினான். "அந்த நோட்டு மட்டும் வேணும்க்கா. நீங்க எண்ணுனது அவ்வளவு சுத்தமா இருக்கு. ரிப்போர்ட்ல உங்க பேரும் போடுதேன்."

வெற்றிலை துப்பியவரைவிட இவன்மேல்தான் அதிகமாக அருவருப்பு வந்தது அவளுக்கு. அவருக்காவது கதிர்வீச்சும் தெரியாது, கணக்கும் தெரியாது. இவனுக்கு முப்பத்தெட்டும் தெரியும், ஐம்பத்தேழும் தெரியும். ஊருக்கு முன்னால் அவளைக் கிடத்திவிட்டு, பெங்களூரில் கொண்டுபோய் அவள் பேரைப் போடுவானாம். அவன் குடித்து வைத்த டம்ளரை இனி எந்தப் பாத்திரத்தோடு சேர்த்து வைப்பது என்றிருந்தது.

"எண்ணுனதும் நான், விழுகதும் நானா? எந்திரிச்சுப் போ தம்பி."

போனான். டம்ளரைச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்தாள். அப்படியும் மனசு ஆறவில்லை.

சாயந்தரம் சாரல் விட்டு விட்டு அடித்தது. கோயில் முன்னால் பந்தலில் கூட்டம் நெருக்கியது. பேச்சிராஜின் மருமகள் ஸ்ரீதேவி பட்டுச்சேலையில், சிவப்பு நூல் கட்டிய சட்டியைத் தலையில் வைத்து நின்றாள். கேமராக்காரன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். "நாலு மாசம் விண்வெளியில இருந்து வந்த பயறு, பாருங்க அதோட வளர்த்திய" என்று மைக்கில் பேச்சிராஜ் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜெகதீஸ்வரன் கைகட்டி நின்று தலையை ஆட்டினான்.

உண்மையிலேயே நாலு மாசம் மேலே கிடந்து வந்த பயறு, செருப்புகள் கிடந்த மூலையில், ஒரு கிழிந்த சாக்கின் மேல் இருந்தது. ஊர்வலம் போனதும் கிணற்றில் கொட்டிவிடச் சொல்லியிருந்தார்கள்.

"வாட்டி மாடத்தி, நேரமாவுது. விழு" என்றார் பேச்சிராஜ், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு.

சனம் வழிவிட்டது. மகள் நிவேதா கூட்டத்தில் எங்கோ நிற்பாள், அவளைத் தேடக் கூடாது என்று நினைத்துக்கொண்டு மாடத்தி நடந்தாள். அம்மன் முன்னால் போய் நின்று கும்பிட்டாள். முழங்காலை மடக்குவாள் என்று எல்லாரும் பார்த்திருக்க, திரும்பி, செருப்புகள் கிடந்த மூலைக்குப் போனாள். வெள்ளை நூலை அறுத்துப் போட்டாள். முந்தானையைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்து, சட்டியைத் தூக்கி அதில் ஏற்றினாள். வந்து ஸ்ரீதேவிக்குப் பக்கத்திலேயே வரிசையில் நின்றாள்.

குலவையிடக் காத்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏட்டி, என்ன செய்யுத? இறக்குட்டி!" என்று முளைப்பாரி வரிசையில் நின்ற பாலம்மாள் பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தாள். மாடத்தி நகரவில்லை. சட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாக்கை மடக்கித் தன்னந்தனியாகக் குலவையிட்டாள். சத்தம் பந்தல் கூரையைத் தொட்டது.

நையாண்டி மேளக்காரர்கள் வெளியூர்க்காரர்கள். எந்தச் சட்டி எதுவென்று அவர்களுக்குத் தெரியாது. குலவைச் சத்தம் கேட்டதும் ஊர்வலம் கிளம்பிவிட்டதென்று நினைத்து ஓங்கி அடித்தார்கள். மாடத்தி முன்னால் நடந்தாள். அவள் தலைக்கு மேலே, நாலு விரல் உயரத்துச் சொட்டை முளைகள் சாரலில் நனைந்து, அடிக்கு அடி ஆடிக்கொண்டே போயின.