நாலு நல்ல வார்த்தை

வராந்தாவில் தரையோடு தரையாகக் கிடந்த புருஷனை இரண்டு பேர் தூக்கிவந்து வார்டுக் கட்டிலில் கிடத்தியபோது, அவளுக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் முதலில் வந்தது. லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவன். இந்த ஆஸ்பத்திரிக்கு எலும்பு டாக்டர் வெளியூரிலிருந்து வாரம் ஒருநாள் இரவலாக வருவார். போன வாரம் அதுவும் இல்லை. காலில் மரச்சட்டம் வைத்துக் கட்டியதோடு சரி.

விரிப்பைச் சரிசெய்த தலைமை நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "மேலிடத்துலேருந்து பாக்க வர்றாங்க. கேட்டா நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கம்மா. கட்டில் உங்களுக்கே."

நல்ல வார்த்தைக்கா பஞ்சம்? துணிக்கடையில் நின்று, ஒரே சலவையில் சாயம் போகிற துணியைக்கூட ஆயுசுக்கும் உழைக்கும் என்று விற்கிறவள். "உன் வாய்க்குத்தான் சம்பளம்" என்பார் முதலாளி.

வராந்தாக்காரர்களையெல்லாம் பின்பக்கம் ஒதுக்கி, தரையைக் கழுவிவிட்ட பிறகு அதிகாரி வந்தார். பக்கத்தில் பெரிய டாக்டர்.

"எப்படிம்மா பாத்துக்கறாங்க?"

"தங்கமா பாத்துக்கறாங்க ஐயா. கூடப்பொறந்தவங்ககூட இப்படிப் பாக்கமாட்டாங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒன்று எடுக்க வந்தவரிடம் இரண்டாவதையும் தள்ளிவிட்டே பழகிய நாக்கு. "அந்த எலும்பு டாக்டர் தெய்வம்யா. தினமும் வந்து காலைத் தொட்டுப் பாக்காம போகமாட்டாரு."

பெரிய டாக்டரின் முகம் செத்துப்போயிற்று.

"நிரந்தரமா ஒருத்தர் வேணும்னு எழுதிட்டே இருக்கீங்களே டாக்டர்?" அதிகாரி சிரித்தார். "போடலாம்னுதான் இருந்தேன். இங்கதான் தினமும் ஆள் வராராமே. வேற ஊருக்காவது ஆகட்டும்."

"ஐயா, வாரத்துக்கு ஒருநாள்தான்..."

"அப்ப இந்தம்மா பொய் சொல்றாங்களா?"

எல்லார் கண்ணும் அவள்மேல். உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். புருஷன் மெத்தையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தான், யாரோ உருவிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

"பொய் இல்லைங்க" என்றாள்.

அதிகாரியின் கார் போன பிறகும் கட்டிலை யாரும் பிடுங்கவில்லை. நர்ஸ் சொன்ன சொல் தவறவில்லை. முகம் கொடுத்துத்தான் பேசவில்லை.

"டாக்டர் இந்த வாரமாவது வருவாருங்களா சிஸ்டர்?"

"தினமும்தான் வராரே" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

வராந்தாக்காரர்கள் திரும்பி வந்து இடம் பிடித்தார்கள். அதில் இடுப்பு ஒடிந்த கிழவரும் அவர் மகளும் இருந்தார்கள். வராந்தாவில் கிடந்த நாட்களில் புருஷனைப் புரட்டிப் படுக்கவைக்க, கூப்பிடாமலே வந்து கை கொடுத்தவள் அந்தப் பெண்தான். சேதி அவள் காதுக்கும் போயிருக்க வேண்டும். வார்டு வாசலில் வந்து நின்றாள்.

"நான் வேணும்னு சொல்லலம்மா..." என்று இவள்தான் ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாய் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். வெளியே கிழவர் மகளைக் கூப்பிட்டு முனகினார்.

"சத்தம் கேக்கும். அவரு தூங்கட்டும்க்கா" என்று சொல்லி, அவள் கதவை வெளியிலிருந்து மெதுவாகச் சாத்தினாள்.