மூக்குக்கு நாலு கிளாஸ்

சனிக்கிழமை சாயங்காலம், வழக்கம்போல ஒரு பெக் விஸ்கியில் சோடா ஊற்றி முதல் வாய் குடித்தவர், கிளாஸைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிறம் சரியாகத்தான் இருந்தது. இன்னொரு வாய் குடித்தார். தொண்டை சுட்டது. அவ்வளவுதான். வெந்நீரில் யாரோ மிளகாயைக் கரைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

"டூப்ளிகேட் சரக்கைத் தலையில கட்டிட்டான்," என்றார் மனைவியிடம்.

பதினைந்து வருடமாக ஒரே கடை, ஒரே பிளெண்டட் ஸ்காட்ச், சனிக்கிழமைக்கு இரண்டு பெக். மற்ற ஆறு நாளும் பாட்டில் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். அப்படிப்பட்ட வாடிக்கையாளரையே ஏமாற்றினால் எப்படி? ஞாயிற்றுக்கிழமை கடை திறந்ததும் பாட்டிலோடு போய் நின்றார்.

கடைக்காரர் சண்டைக்கு வரவில்லை. மூடியைத் திறந்து மோந்தார். ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கினார். "சரக்கு சுத்தமா இருக்கு சார்." பிறகு என்ன தோன்றியதோ, அலமாரியில் இருந்து வேறொரு பாட்டிலை எடுத்துத் திறந்து இவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "இது என்ன வாசனை, சொல்லுங்க."

"இதுல என்ன வாசனை இருக்கு? தண்ணி மாதிரி இருக்கு."

"சார், இதைத் திறந்து வெச்சா பக்கத்துக் கடைக்காரர் தீயணைப்புக்குப் போன் போடுவார். அவ்வளவு புகை. கோளாறு சரக்குல இல்ல, உங்க மூக்குல."

இரண்டு வாரத்துக்கு முன் வந்து போன ஜலதோஷம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சளி போயிருந்தது, போகிறபோது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சாப்பாடு சப்பென்று இருந்ததற்கு இவர் மனைவியின் சமையலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

கடை வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். விஸ்கிக்காக அல்ல. அவர் அடுக்குமாடி வீடுகளில் கேஸ் குழாய் பழுது பார்க்கிறவர். படிக்கட்டில் ஏறும்போதே எந்த மாடியில் கசிகிறது என்று சொல்லிவிடுவார், கையில் இருக்கும் மீட்டர் அதற்கப்புறம்தான் கத்தும். ஆபீஸில் அவருக்குப் பெயரே மோப்பக்காரர்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க, மீட்டர்தான் இருக்கே," என்றார் கூட வேலை பார்ப்பவர். மோப்பக்காரருக்கு மனசு ஒப்பவில்லை. மீட்டரை நீட்டுகிற இடம் எது என்று சொல்வதே மூக்குதானே. திங்கட்கிழமை காலை மேலதிகாரி மேடம் முன்னால் போய் நின்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

மேடம் அன்றைய டூட்டி சீட்டில் அவர் பெயரை அடித்தார். "நல்லவேளை, நீங்களா வந்து சொன்னீங்க. இனிமே ஆபீஸ்ல உட்கார்ந்து போன் எடுங்க. மூக்கு திரும்பி வந்ததும் டெஸ்ட் வெக்கிறேன். அதுவரைக்கும் ஒரு வீட்டு வாசப்படியும் ஏறக் கூடாது."

மூக்கு டாக்டர் சொன்ன வைத்தியம் விளையாட்டு மாதிரி இருந்தது. ஒன்றோடு ஒன்று ஒட்டாத நாலு வாசனை. காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் இருபது எண்ணுகிற வரை மோக்க வேண்டும். மோக்கும்போது அந்த வாசனையை மனதில் நினைக்க வேண்டும். "மாசக்கணக்குல ஆகலாம். வராமலும் போகலாம். உங்களுக்குப் பிடிச்ச வாசனையா எடுத்துக்கங்க, அப்பதான் விடாம செய்வீங்க," என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை மோப்பக்காரர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் கடைக்காரர் பொறுக்கிக் கொடுத்த நாலு குட்டி பாட்டிலோடு வீட்டுக்கு வந்தார். நாலும் சிங்கிள் மால்ட் ஸ்காட்ச், கலப்பில்லாமல் ஒரே ஆலையில் வடித்தது.

"டாக்டர் எலுமிச்சம்பழம்னு சொல்லியிருப்பாரே," என்றாள் மனைவி.

"பிடிச்சதுன்னார். நம்பிக்கை இல்லன்னா போன் பண்ணிக் கேளு."

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். முப்பது பிள்ளைகளின் பொய்யைத் தினமும் கேட்கிறவள், சொன்னதை நம்புவாளா? போன் பண்ணியே கேட்டாள். டாக்டர் சிரித்து முடித்துவிட்டு, மோந்து பார்க்க மட்டும் என்றால் சரி என்றார். "இவருக்கு மூக்கு வர்ற வரைக்கும் ஒரு சொட்டு உள்ள போகாது டாக்டர், அதுக்கு நான் பொறுப்பு," என்று அவளே அவருக்காகச் சத்தியம் செய்து வைத்தாள்.

மறுநாள் காலை நாலு கிளாஸிலும் கொஞ்சம் ஊற்றி, மேலே சாஸர் மூடி வைத்தாயிற்று. அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. வாசனையை மனதில் நினைக்க வேண்டுமாம். எதை நினைப்பது? பதினைந்து வருடமாகச் சோடாவும் ஐஸும் போட்டுக் குடித்தவருக்கு, விஸ்கியின் வாசனை விஸ்கி வாசனை, அவ்வளவுதான்.

"நீதான் மோந்து சொல்லணும்," என்றார்.

"நானா?"

அவள் முதல் கிளாஸை மூக்கருகே கொண்டுபோன வேகத்தில் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "விறகு. மழையில நனைஞ்ச விறகைப் பத்தவெச்சா ஒரு புகை வருமே, அது. அதுக்குப் பின்னாடி ஆஸ்பத்திரி." இரண்டாவதுக்கு முகம் மலர்ந்தது. "உலர்ந்த திராட்சை. கேக் வேகற வாசனை." மூன்றாவது, "பச்சை ஆப்பிள், கடிச்ச உடனே." நாலாவதில் நேரம் எடுத்துக்கொண்டாள். "தேன். ஆனா சும்மா தேன் இல்ல. புது மர அலமாரிக்குள்ள வெச்ச தேன்."

துண்டுக் காகிதத்தில் எழுதி கிளாஸ்களில் ஒட்டினாள். ஒட்டி முடித்தவள், "அந்த முதலாவதை இன்னொரு தடவை குடுங்க," என்றாள்.

அன்று வேனை எடுக்க நாலு நிமிடம் தாமதம்.

அதுமுதல் காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் இதே வேலை. அவர் கண்ணை மூடி மோப்பார், அவள் எதிரே உட்கார்ந்து, "நனைஞ்ச விறகு, நனைஞ்ச விறகு, நினைங்க," என்பாள். அவளுக்கு இப்போது கேள்விகள் வேறு. இந்தப் புகை எங்கிருந்து வந்தது? கடைக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "அங்க, ஸ்காட்ச் செய்யற தீவுப் பக்கம் சதுப்பு மண்ணை வெட்டி, காயவெச்சு, எரிச்சு, அந்தப் புகையிலதான் பார்லியை உலர்த்துவாங்களாம். திராட்சை வாசனை, முன்னாடி ஒயின் இருந்த பீப்பாயில ஊறினதால வர்றதாம். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது," என்றார். குடித்தவர் அவர், தெரிந்துகொண்டவள் அவள்.

மூன்றாவது வாரம், காலை ஏழு மணிக்கு, அவளுடைய அண்ணன் ஏணி கேட்டு வந்தார். கதவு திறந்தே இருந்தது. உள்ளே மாப்பிள்ளை நாலு கிளாஸ் விஸ்கிக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். எதிரே தங்கை, "இன்னும் ஆழமா, இன்னும் ஆழமா," என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருக்கிறாள்.

"மாப்ளே," என்றார் மச்சான், குரல் இறங்கி. "ஏதாவது கஷ்டம்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பல்லு விளக்கறதுக்கு முன்னாடியேவா?"

விஷயத்தைப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. ஏணியை மறந்துவிட்டுப் போனார்.

நாலாவது வாரமும் போயிற்று. ஐந்து, ஆறு. ஒன்றும் இல்லை. ஆபீஸில் போன் எடுத்து எடுத்துக் காது சிவந்ததுதான் மிச்சம். கசிவு என்று யாராவது அழைத்தால், எந்த மூலையில் மோக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். அவர்கள் போய் மோந்துவிட்டு வந்து, "ஆமாங்க, அங்கதான்," என்னும்போது வயிறு எரியும். போதும், நிறுத்திவிடலாம் என்று ஒரு நாள் சொன்னார். "டாக்டர் மாசக்கணக்குன்னார். வாரக்கணக்குல நிறுத்தறதுக்கு நீங்க யாரு?" என்று அவள் சாஸரைத் திறந்தாள்.

ஏழாவது வாரம் புதன்கிழமை காலை. அவள் உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். அவர் தனியாக முதல் கிளாஸை எடுத்தார். பன்னிரண்டு எண்ணியிருப்பார்.

"அடுப்புல என்ன கருகுது?" என்றார்.

"அடுப்பை இன்னும் பத்தவெக்கவே இல்லையே," என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சீப்போடு ஓடிவந்தாள். அவர் மறுபடியும் மோந்தார். மெலிசாக, தூரத்தில், நாலு வீடு தள்ளி யாரோ தீ மூட்டிய மாதிரி. ஆனால் இருந்தது. கிளாஸை அவசரமாக வைத்ததில் விஸ்கி மேஜையில் சிந்தியது. அதையும் குனிந்து மோந்தார். பிறகு வீடு முழுக்கச் சுற்றினார். சோப்பு, செருப்பு, நியூஸ்பேப்பர், தலையணை. சோப்பு இன்னும் ஊமையாகத்தான் இருந்தது, செருப்பு மட்டும் லேசாக ஏதோ சொன்னது. அந்த நாற்றத்தை அவர் மூன்று தடவை மோந்து அனுபவித்தார். அவளுடைய ஈரத் தலைமுடியில் முகம் வைத்தார். ஷாம்பு.

"வேனுக்கு நேரமாச்சு," என்றாள் அவள், நகராமல்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஆப்பிள் ஒன்பதாவது வாரம், தேன் அதற்கு மறுநாள். கடைசியாக வந்த இரண்டாவது கிளாஸால் சண்டையே வந்தது. "இது திராட்சை இல்ல. பாலிஷ் போட்ட ஷூ," என்றார் அவர். "பத்து வாரமா திராட்சைன்னு நினைங்க நினைங்கன்னு கத்தினேனே, எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். இருவரும் மாறிமாறி மோந்து, கடைசியில் அவள் ஷூவையும் அவர் திராட்சையையும் ஒத்துக்கொண்டார்கள்.

மேடம் டெஸ்ட் வைத்தார். நாலு மூடிய டப்பா, ஒன்றில் மட்டும் கேஸ் வாசனை ஏற்றிய துணி, அழுகின முட்டைக்கோஸ் மாதிரி. முதல் சுற்றில் மூன்றாவது டப்பாவைத் தொட்டார், சரி. இரண்டாம் சுற்றில் முதலாவது, சரி. மூன்றாம் சுற்றில் நாலையும் திறந்து, மறுபடி திறந்து, மேடத்தைப் பார்த்தார். "எதுலயும் இல்ல மேடம். ஆனா ரெண்டாவது டப்பாவைச் சரியா கழுவல. காபித்தூள் இருந்திருக்கு."

மேடம் டப்பாவைத் தன் மூக்கில் வைத்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "இந்தச் சுத்துல கேஸ் துணியை நான் வெக்கவே இல்ல. நாளைலேருந்து பழையபடி வாசப்படி ஏறுங்க," என்றார்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். பழைய பிளெண்டட் பாட்டிலை எடுக்கப்போன கடைக்காரரை அவர் கையமர்த்தினார். அவருக்குப் புகைதான் வேண்டும். மூக்கைத் திறந்துவிட்ட சரக்கு அது.

"அது மேல நன்றி இருக்கட்டும்," என்றாள் அவள். "வாரா வாரம் ஜன்னல் திரைச்சீலையெல்லாம் புகை நாறும். குடிக்கிறதுக்கு எது பிடிக்கும்னு யோசிச்சு வாங்குங்க."

நியாயம்தான். கடைக்காரர் நாலிலும் ஒவ்வொரு மடக்கு ஊற்றிக் கொடுத்தார், சோடா இல்லாமல், நாலு சொட்டுத் தண்ணீர் மட்டும் விட்டு. மூன்றாவது உள்ளே போனபோது அவர் நிமிர்ந்தார். ஆப்பிள் முன்னால் வந்தது, பின்னால் ரொட்டி சுடுகிற மாதிரி ஏதோ, விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு உப்பு. இத்தனையும் இத்தனை வருடமும் ஒரு கிளாஸுக்குள் இருந்ததா? "இது," என்றார். "இதுதான்."

சாயங்காலம் மச்சானையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் உட்கார்ந்ததும் சோடா பாட்டிலுக்குக் கையை நீட்டினார். தங்கை அதை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தாள்.

"அண்ணா, முதல்ல மோந்து பாரு. இருபது எண்ணு. என்ன தெரியுதுன்னு சொன்னப்புறம்தான் குடிக்கணும்."

மச்சான் பயபக்தியோடு மோந்தார். பதினெட்டு வரை எண்ணிவிட்டு, "பேரிக்காய்," என்றார்.

"ஆப்பிள்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"பேரிக்காய்தான். நான் என்ன மூக்கில்லாதவனா?"

மோப்பக்காரர் தன் கிளாஸை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனார்.