கல்லில் வர வேண்டிய வாக்கியம்

ஐந்தரைக்கு எழுந்தேன். ஹீட்டர் சுவிட்சைப் போட்டேன். பால் பாக்கெட்டை வெட்டி ஒரு டம்ளர் அளவு பாத்திரத்தில் ஊற்றி, மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஒரு டம்ளர் என்பது கைக்குப் பழக ஆறு மாதம் ஆயிற்று. டீயை நின்றபடியே குடித்தேன். குளித்தேன். நேற்றைய சப்பாத்தியைச் சுட வைத்துத் தின்றேன். கதவைப் பூட்டினேன். ஸ்கூட்டர் சீட்டில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. பழைய துணியால் துடைத்தேன். நான்காவது உதையில் வண்டி கிளம்பியது. எங்கள் காந்தல் பகுதியில் எல்லார் வண்டியும் ஜனவரியில் நான்காவது உதையில்தான் கிளம்பும்.

பள்ளிக்குப் போகவில்லை. ஊட்டியில் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. இன்று கடைசி நாள். தலைப்பு: கற்றதை நினைவில் நிறுத்தலும் பயன்படுத்தலும். நாங்கள் எண்பது பேர். நினைவில் நிறுத்துவது பற்றி இரண்டு நாளில் சொல்லப்பட்டதில் ஒரு வரிகூட யாருக்கும் நினைவில் இல்லை. எத்தனை மணிக்கு டீயும் வர்க்கியும் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மண்டபத்து வாசலில் எங்கள் தலைமையாசிரியர் அம்புரோஸ் காத்திருந்தார். கையில் பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரு தாள்.

"சுபுஹான் சார், பொறந்த தேதி மட்டும் சரியான்னு பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. கல்லு கொத்தறவரு அஞ்சு மணிக்கு இங்கயே வந்து வாங்கிக்கறேன்னுட்டாரு. திங்கக்கெழமை திறப்பு விழா. கல்வித்துறை சி.இ.ஓ. வர்றாருங்க."

என் மனைவி முனவ்வரா எங்கள் பள்ளியிலேயே அறிவியல் ஆசிரியை. நான் கணக்கு. அவள் இறந்து திங்கட்கிழமையோடு ஓராண்டு. அவளுடைய வகுப்பறைச் சுவரில் கிரானைட் பலகை வைக்கிறார்கள். தாளில் அவள் பெயர், தேதிகள், கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி. அவர் கடைசியாகச் சொன்னது: 'என் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள்.'

"தேதி சரி. வாக்கியம் தப்பு" என்றேன்.

"எந்த வாக்கியம்?"

"அவ சொன்னதாப் போட்டிருக்கறது."

"என்னங்க சார் இப்படிச் சொல்றீங்க? நானும் அதே ஆம்புலன்ஸ்லதான வந்தேன்?"

"நீங்க டிரைவர் பக்கத்துல வந்தீங்க. நடுவுல கண்ணாடி சாத்தியிருந்துச்சு."

அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. தோளில் கை வைத்தார். "சரிங்க. அப்ப டீச்சர் என்னதான் சொன்னாங்க? சொல்லுங்க, அதையே போட்டுருவோம்."

தாளை உறைக்குள் திருப்பி வைத்து அவரிடமே கொடுத்தேன். அவள் சொன்னது எனக்கு நினைவில் இல்லை.

அவளுக்கு வந்தது மூளைக் காய்ச்சல். வியாழன் தலைவலி, சனிக்கிழமை மதியம் ஆம்புலன்ஸ். குன்னூர் தாண்டி மலை இறங்கும்போது அவள் கண் விழித்து ஏதோ சொன்னாள். அதன்பின் மயங்கினாள். கோவையில் இரண்டு நாள் படுத்திருந்தாள், விழிக்கவில்லை. அவள் கடைசியாகச் சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் நான். கேட்டேன் என்பது நன்றாகத் தெரியும். அது இந்த வாக்கியம் இல்லை என்பதும் தெரியும். ஆனால் இப்போது அதை நினைக்கும்போதெல்லாம் அவள் உதடு அசைகிறது, 'என் புள்ளைங்கள விட்டுராதீங்க' என்று அவள் குரலிலேயே வருகிறது. ஒரு தலைமையாசிரியர் கட்டிய வசனத்தை என் மனைவியின் குரலில் நான் கேட்கிறேன்.

அவள் மாணவர்களைப் பிள்ளைகள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கழுதைகள் என்பாள்.

பயிற்சி தரும் ரமேஷ்குமார் சமவெளியிலிருந்து வந்தவர். மூன்று நாளும் ஒரே மப்ளர். வகுப்பெடுத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. முதலில் எல்லாரையும் எழுப்பி, மழை பெய்வதுபோல விரல் சொடுக்கச் சொன்னார். ஐம்பத்தெட்டு வயது ஆசிரியர்கள் விரல் சொடுக்கி மழை பெய்தார்கள். ஓய்வு பெற நான்கு மாதம் இருக்கும் ஒருவர் இடிகூட இடித்தார். பிறகு திரையில் ஒரு வளைகோடு. மறதியின் கோடு என்றார்.

"ஒரு தடவ சொல்லிக் குடுத்தா ஒரு வாரத்துல முக்காவாசி போயிருமுங்க. அதனால இன்னைக்கு ஒரு தடவ, மூணாம் நாள் ஒரு தடவ, ஏழாம் நாள் ஒரு தடவ, அப்பறம் மாசம் கழிச்சு ஒரு தடவ. இப்படித் திருப்பிச் சொன்னாப் போதும். சாகற வரைக்கும் மறக்காதுங்க."

கோத்தகிரி ஹெர்பர்ட் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "ஏனுங்க சார், மூணு, ஏழு, மாசம்னு… இது எழவு ஊட்டுக் கணக்காட்ட இருக்குதுங்களே?"

மண்டபமே சிரித்தது. ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள். வரிசை வரிசையாகச் சிரிப்பு நின்றது. ஹெர்பர்ட் தலையைக் குனிந்து உட்கார்ந்தார். அவர் வெட்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. மூன்று நாளில் உருப்படியாகப் பேசப்பட்டது அது ஒன்றுதான்.

எண்ணிப் பார்த்தேன். அடக்கம் முடிந்து கபர்ஸ்தான் வாசலில் நின்றபோது அம்புரோஸ் அந்த வாக்கியத்தை முதல் தடவை சொன்னார். எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். மூன்றாம் நாள் ஃபாத்திஹா அன்று என் மாமியார் அதை உறவுப் பெண்களிடம் சொன்னார். 'எம்மக கடைசி மூச்சுலயும் பள்ளிக்கூடத்தத்தான் நெனச்சுச்சு.' அவரைத் திருத்துவது எப்படி? ஏழாம் நாள் பள்ளிவாசல் ஹஜ்ரத் தன் பேச்சில் சேர்த்துக்கொண்டார். நாற்பதாம் நாள் ஏழாம் வகுப்பு பி பிரிவுப் பிள்ளைகள் சார்ட்டில் எழுதி, பூ வரைந்து வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். நான் அதை வாங்கிச் சுவரில் மாட்டினேன். நானே ஆணி அடித்தேன். முறைப்படி நான்கு தடவை பாடம் நடந்திருக்கிறது. சரியான பாடமா, தப்பான பாடமா என்று மூளை பார்ப்பதில்லை. ரமேஷ்குமார் திரையில் அதற்கு ஒரு படம் இல்லை.

முனவ்வரா எந்தப் பயிற்சியிலும் எதையும் கற்றவள் இல்லை. வருகைப் பதிவு எடுக்கும் முன் புத்தகத்தை மூடச் சொல்வாள். நேற்று நடத்தியதில் ஒரு கேள்வி, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. பிள்ளைகள் அவளுக்கு நேத்து டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் கெட்டிலும் தெர்மாமீட்டரும் எடுத்துப் போய்த் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையை அளக்க வைத்தாள். தொண்ணூற்று மூன்று வந்தது. நம் ஊரில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது என்று வீட்டில் அம்மாவுக்கு விளக்கிச் சொல்லிவிட்டு வரச் சொன்னாள். அரைப்பரீட்சையில் நீரின் கொதிநிலை என்ன என்ற கேள்விக்கு முப்பத்தொரு பேர் 'நம்மூரில் 93' என்று எழுதினார்கள். முழு மதிப்பெண் போட்டாள். விடைக்குறிப்பில் 100 என்றுதான் இருக்கிறது என்று அம்புரோஸ் சிவப்பு மையால் முப்பத்தொரு தாளையும் அடித்தார். 'கெட்டில் உங்க ரூம்லயே இருக்குது, நீங்களே வெச்சுப் பாருங்க சார்' என்று இவள் சொன்னாள். அவர் வைத்துப் பார்க்கவில்லை. அவர்தான் இப்போது கல் வைக்கிறார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ரமேஷ்குமார் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தார்.

"நோட்ட மூடி வெச்சுருங்க. காலையில கேட்டதுல ஞாபகம் இருக்கறத எழுதுங்க. வாக்கியத்தத் தேடாதீங்க, வராது. எங்க உக்காந்திருந்தீங்க, குளிரா வெயிலா, கை என்ன பண்ணிட்டு இருந்துச்சு, அத மொதல்ல எழுதுங்க. வாக்கியம் பின்னால தானா வருமுங்க."

மூன்று நாளில் கேட்ட மட்டமான யோசனைகளில் இது முதலிடம் என்று நினைத்தேன். சுற்றிலும் எல்லாரும் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள், பரீட்சையில் பையன்கள் செய்தால் வெளியே அனுப்புகிற அதே ஆட்கள். எழுதாவிட்டால் அவர் பக்கத்தில் வந்து நின்று ஊக்கம் தருவார். அதற்குப் பயந்து எழுதினேன்.

பர்லியார், குன்னூர் இறக்கம். ஆம்புலன்ஸ்.

மதியம் ஒன்றரை இருக்கும். குளிர் விட்டுவிட்டது. பழக்கடைக்காரர் ஒருவர் நடுரோட்டில் நின்ற காரை ஒதுங்கச் சொல்லிக் கத்தினார். எனக்கு வியர்த்தது, ஜெர்கினைக் கழற்றினேன். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

கை என்ன செய்துகொண்டிருந்தது? அவள் கையைப் பிடித்திருந்தேன். ஓராண்டாக எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். எழுதினேன். எழுதியதைப் பார்த்தேன். அடித்தேன். ஸ்ட்ரெச்சரில் அவள் கை பெல்ட்டுக்குள் இருந்தது. பிடிக்க முடியாது. அந்தக் கதையையும் நானே கட்டியிருக்கிறேன். அம்புரோஸுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கை வேறு எங்கோ இருந்தது. கீழே. குனிந்திருந்தேன். தலை மேல் கம்பியில் இடித்தது. விரலில் கம்பளி. அவள் பாதம் குழாய்த் தண்ணீர் போல் சில்லென்று இருந்தது. என் ஷூவைக் கழற்றி, என் காலில் இருந்ததை உருவி அவளுக்கு மாட்டிக்கொண்டிருந்தேன். வளைவில் வண்டி சாய்ந்தது. ஒன்றை மாட்டிவிட்டேன், இன்னொன்று பாதியில் நின்றது. அவள் கண் திறந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். விடைத்தாள் திருத்தும்போது பார்க்கும் பார்வை.

பேனா நின்றது. மண்டபத்தில் யாரோ கை தட்டினார்கள். யாருக்கோ பரிசாகப் பேனா கொடுத்தார்கள். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அம்புரோஸ் வரிசைக்குள் புகுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "சார், கல்லுக்காரரு கீழ வந்துட்டாருங்க. சி.இ.ஓ. ஆபீஸுக்கும் இந்த வாசகத்தயே அனுப்பியாச்சு. கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க."

"அவ சொன்னது ஞாபகம் வந்துருச்சு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. உறையிலிருந்து தாளை எடுத்து மடியில் விரித்தார். பழைய வரியின் மேல் ஸ்கேல் வைத்ததுபோல் நேராக ஒரு கோடு போட்டார். "நல்லதாப் போச்சுங்க. டீச்சர் பெருசாத்தான் ஏதாவது சொல்லியிருப்பாங்க. மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

மெதுவாகச் சொன்னேன். சொல்வதெழுதுதல் போல, நிறுத்தி நிறுத்தி.

"ஏனுங்க, குதிகால் மேல வந்துருச்சு பாருங்க. சாக்ஸ் போடக்கூடத் தெரியாதா உங்களுக்கு?"