மரியகுழந்தை எழுதாமல் விட்ட குறை

இருபத்திரண்டு வருஷம் சுரங்க கேட்டில் ஆட்களைச் சோதித்தவன் நான். ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற லிஃப்டில் ஏறி மேலே வருகிற ஒவ்வொருவரும் என் கையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேண்டும். டிபன் பாக்ஸ், செருப்பு, தலைத்துண்டு, சந்தேகம் வந்தால் வாய்க்குள்ளும் பார்ப்பேன். குண்டுமணித் தங்கம்கூட வெளியே போகக்கூடாது. கேட்டில் நான் முதலில் கற்றுக்கொண்டது இதுதான்: கேட்பதற்கு முன்பே டிபன் பாக்ஸைத் திறந்து காட்டுகிறவனை விட்டுவிடக் கூடாது. அவனைச் செருப்பைக் கழற்றச் சொல்லவேண்டும். பல நாள் திருட்டுச் சரக்கு அங்கேதான் இருக்கும்.

அதனால்தான் மரியகுழந்தை எனக்குக் கேமராவை விற்றபோது, கூடவே குறைகளை எழுதிய ஒரு காகிதத்தையும் நீட்டியது எனக்குச் சுருக்கென்றது. விற்கிறவன் எவனாவது குறையை எழுதிக் கொடுப்பானா?

2001 ஜனவரி அது. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்பது உறுதியாகிவிட்டது. கீழே சேர்ந்து வேலை செய்த ஒவ்வொரு கேங்கும் சுரங்க வாயான ஷாஃப்ட் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடமாட்டார்கள் என்று தெரியும், இருந்தாலும் வலித்தது. "உங்கள யாரு கூப்புடுவாங்கோ? கல்யாணப் பத்திரிகையே வாசல்ல நின்னு குடுத்துட்டு ஓடுறாங்கோ," என்றாள் என் மனைவி மாலா. அவள் வாயில் சர்க்கரை இருந்ததே இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை. மச்சான் பாபு ராபர்ட்சன்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்தான். லீவு நாட்களில் அவனோடு உட்கார்ந்து பிலிம் போடவும் படம் எடுக்கவும் கற்றிருந்தேன். என்னிடமே ஒரு கேமரா இருந்தால், படம் எடுப்பவனாகவாவது என்னை அழைப்பார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கடைசி நாளிலாவது அந்த ஆட்கள் நடுவில் ஒரு மனுஷனாக நிற்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் கேமரா தேடுவது எப்படியோ காதில் விழுந்து மரியகுழந்தையே வந்தான். கீழே மிஷின் பிடித்துப் பாறையில் துளை போடுகிறவன். ஆஸ்திரேலியாவுக்குப் போன ஓர் ஆங்கிலோ இந்தியர் கொடுத்துவிட்டுப் போன ஜப்பான் கேமராவை எடுத்து வந்திருந்தான். "குடுக்கறத குடுத்துட்டு நீங்களே வச்சிக்கோங்கண்ணே. வர்ற ஞாயித்துக்கெழம எங்க கேங்க்க நீங்கதான் எடுக்கணும்," என்றான்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் குளிர்ந்து போயிருப்பேன். இவன் சொன்னதுதான் உறுத்தியது. 1993ல் இதே மரியகுழந்தையை நான் தனியறைக்குக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் முழுசாகச் சோதித்திருக்கிறேன். அவன் இடுப்பில் ஒரு ஜெபமாலை மட்டும்தான் இருந்தது. துணியைக் கட்டிக்கொண்டு போனான். எட்டு வருஷம் கழித்து அவனுக்கு என்மேல் என்ன பாசம்? அதுவும், கேமராவுக்குச் சொந்தக்காரன் அவனே எடுக்காமல் என்னை ஏன் எடுக்கச் சொல்கிறான்? கேங்க் முழுக்கப் பார்க்க என் மூக்கை அறுக்கப் போகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

காகிதத்தில் அவன் எழுதியிருந்தவை எல்லாம் உண்மை. தானே படமெடுக்கும் டைமரைத் தொட்டால் சிக்கிக்கொள்ளும் என்றிருந்தது, சிக்கிக்கொண்டது. வெளிச்சம் அளக்கும் முள் செத்துவிட்டது, அதுவும் சரி. பின்கதவில் வெளிச்சம் புகாமலிருக்கக் கறுப்புக் கம்பளி நூல் ஒட்டியிருக்கிறேன், பிய்க்காதீர்கள் என்றிருந்தது. கடைசிக் குறை மட்டும் எனக்கு முதலில் புரியவில்லை. இந்த மாதிரிக் கேமராவில் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் நடுவில் ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால்தான் படம் தெளிவாக விழும். இதில் இரண்டும் சேரும்போது ஒன்று முடியளவு மேலே நிற்கும், படத்துக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதியிருந்தான்.

நான்கு குறையை வலியச் சொல்கிறவன் ஐந்தாவதை மறைக்கிறான். காதருகே வைத்துக் குலுக்கினேன். உள்ளே கிலுக்கென்று ஒரு சத்தம். அது காகிதத்தில் இல்லை! எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து மாலா, "இன்னா, புதையல் கெடச்சிடுச்சா?" என்றாள்.

வியாழக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்து, வாட்ச் கடையில் இரவல் வாங்கிய திருப்புளியால் மேல்மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு சின்ன திருகாணி டைமரிலிருந்து கழன்று உருண்டுகொண்டிருந்தது. கிலுக்குச் சத்தம் அதுதான். வேறு யாராயிருந்தாலும் அதோடு மூடியிருப்பார்கள். நான் டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன்.

ஜன்னலுக்குப் பின்னால் சாய்வாக நகத்தளவு ஒரு கண்ணாடி. அதன் முகத்தில் பொன்மஞ்சள்.

பித்தளையின் மஞ்சள் எது, கந்தகக் கல்லின் மஞ்சள் எது, தங்கத்தின் மஞ்சள் எது என்று என் கண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இது தங்கம். தங்கக் கல்லை அரைக்கும் மில்லிலிருந்து சுரண்டி வந்ததைக் கேமராவுக்குள் பூசி வைத்திருக்கிறான். சரக்கை என் வீட்டில் வைத்துவிட்டு, கடைசி நேரத்தில் எவனிடமாவது சொல்லிவிட்டால் என் கதை என்ன ஆகும்? இருபத்திரண்டு வருஷம் பிடித்தவன் பிடிபட்டான் என்று ஊரே சிரிக்காதா? பஞ்சைச் சாராயத்தில் நனைத்து அந்தக் கண்ணாடியை ஒரே ஒரு தடவை துடைத்தேன். கண்ணாடி பளிச்சென்று வெறுமையானது. பஞ்சின் நுனியில் மங்கலாக ஒரு மஞ்சள். அதைக் காகிதத்தில் மடித்து வைத்தேன். அது சாட்சி.

மூடியைப் போட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே கொடியில் மாலாவின் புடவை நன்றாகத் தெரிந்தது. நடுவில் இருந்த கட்டத்தைக் காணவில்லை. வளையத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகினேன். புடவை ஒன்றாகவே நின்றது. கேமரா குருடாகிவிட்டது.

கோபம் தலைக்கேறியது. அப்போதும் அவன்மேல்தான் கோபம், பாருங்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் குடியிருந்த ஊரிகம் லைன் வீடுகளுக்குப் போனேன்.

மரியகுழந்தை வாசலிலேயே இருந்தான். "வாங்கண்ணே," என்று உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தான். உட்கார்ந்ததும் காகிதத்தைப் பிரித்துப் பஞ்சை அவன் முன்னால் வைத்தேன்.

"இது இன்னாப்பா?"

அவன் பஞ்சைப் பார்த்தான், என் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்தான். முகம் வாடியது. "தொடச்சிட்டீங்களா?"

"தங்கம் எப்படி உள்ள வந்துச்சின்னு கேட்டேன்."

"கம்பெனிக்காரன் பூசனதுண்ணே. ஜப்பான்காரன். மூச்சுக்காத்து அளவுக்குத் தங்கம் பூசினாத்தான் ஆளு ரெண்டாத் தெரிவாங்க. அத்தத் தொட்டாலே போயிடும்." பஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "அத்த ஒண்ணத்தான் நான் எழுதல. உள்ள தங்கம் கீதுன்னு எழுதினா நீங்க சும்மா வுடமாட்டீங்கன்னு பயந்தேன்."

அவன் மறைத்திருப்பான் என்று நான் நினைத்தது சரிதான். மறைத்தது எனக்குப் பயந்து. உள்ளேயிருந்து அவன் மனைவி பிலோமினா டீ கொண்டுவந்தாள். மரியகுழந்தை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனான். டம்ளர் பல்லில் தடதடவென்று இடித்தது. டீ சட்டையில் சிந்தியது.

"இன்னாப்பா ஆச்சி?"

"புதுசா இன்னா ஆவறது? மிஷின் புடிச்சிப் புடிச்சி கை நிக்கலண்ணே, பத்து வருசமா. இந்தக் கையில படம் எடுத்தா எல்லாம் ஆடிப்போவுது. அதான் ஒங்ககிட்ட குடுத்தேன்." டம்ளரைக் கீழே வைத்தான். "அன்னிக்கி ரூமுக்குக் கூட்டும்போனீங்களே, அப்பவும் இதே நடுக்கந்தான். பயம்னு நெனச்சிக்கினீங்கோ."

அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கு கேட்டில் அவன் விரல் நடுங்கியதைப் பார்த்துத்தான் தனியறைக்கு இழுத்துப் போனேன். குற்றமுள்ள கைதான் நடுங்கும் என்று அப்போதும் நம்பினேன், அதற்குப் பிறகும் எத்தனையோ பேரிடம் நம்பியிருக்கிறேன். அவமானத்தில் எனக்குக் காது சூடாகியது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. "கேமராவைக் கெடுத்துட்டேன்ப்பா," என்று மட்டும் சொன்னேன்.

"கெடல. அடிக்கணக்கு லென்ஸ்லயே எழுதிக்கீது. டேப் எடுத்துனு வந்து அளந்து எடுங்கோ. ஞாயித்துக்கெழம ஏழு மணிக்கி, மறந்துடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஷாஃப்ட் முன்னால் இருபத்துமூன்று பேர் மூன்று வரிசையாக நின்றார்கள். சிலர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கேமராவை ஸ்டூல்மேல் வைத்து, அளவு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையை நோக்கி நடந்தேன். பத்தடி. நான் நெருங்கியதும் ஓரத்தில் நின்றவன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினான். பக்கத்திலிருந்தவனும் தூக்கினான். பிறகு எல்லாரும். கேட்டில் நான் வந்தால் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றார்கள். மரியகுழந்தையும்தான்.

கிண்டலா, பழக்கமா? முகங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். அவற்றைப் படிக்க எனக்கு வரவில்லை. "கையை எறக்குங்கப்பா, நான் அதுக்கு வரல," என்றேன். ஒருவன் பக்கென்று சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், கைகள் இறங்கின. நான் ஓடிப்போய் வளையத்தைப் பத்தடியில் வைத்துப் பட்டனை அமுக்கினேன்.

படம் நன்றாக விழுந்திருந்தது, ஒவ்வொரு பல்லும் தெரிந்தது. எல்லாருக்கும் பிரதி போட்டு மரியகுழந்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க இதுல இல்லியேண்ணே," என்றான்.

"எடுத்தவன் எப்படிப்பா இருப்பான்?"

அவன் அந்தப் பிரதிகளிலிருந்து ஒரு படத்தை உருவி, அந்த ஆடும் கையால் என் சட்டைப் பையைத் தடவித் தேடி உள்ளே வைத்தான். நான் எத்தனை ஆயிரம் பேர் பையில் கை விட்டிருப்பேனோ, என் பையில் இன்னொருவர் கை விட்டது அன்றைக்குத்தான். உடம்பு கூசியது. அசையாமல் நின்றேன், அழுகை வந்துவிட்டது.