தனித்தனி ஆமென்

அப்பா என்னைத் திருப்பி அனுப்பப்போகிறார் என்பது, மாலை ஜெபத்தின் நடுவே கண்ணை மூடி மண்டியிட்டிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. ஆண்டவரிடம் சொன்னார்.

"பிதாவே, வீட்டை விட்டு வந்திருக்கிற உம்முடைய மகளை, நீர் அவளுக்குக் கொடுத்த வீட்டிலேயே மறுபடியும் நிலைநிறுத்தும். நாளைக்கு அவளை அழைத்துப்போக வருகிற மகனுடைய பிரயாணத்தை ஆசீர்வதியும்" என்றார். என் கணவன் நாளைக்கு வருகிறான் என்கிற செய்தி இப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. முடிந்ததும் நான் "ஆமென்" என்றேன். வாய்க்கு அவ்வளவு பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான் எதற்குச் சொன்னேன் என்று உறைத்தது.

எங்கள் வீட்டில் முக்கியமான விஷயத்தை யாரும் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. ஆண்டவரிடம் சொல்வார்கள், சம்பந்தப்பட்டவர் ஒட்டுக்கேட்டுக்கொள்ள வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கில் கோட்டை விட்டபோது அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. "சோம்பலை எங்களைவிட்டு அகற்றும்" என்று ஜெபித்தார், அவ்வளவுதான், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவும் சளைத்தவள் இல்லை. "கடைக்குப் போகிறவர்களுக்கு நல்ல ஞாபகசக்தியைத் தாரும்" என்று அவள் கேட்டால் மறுநாள் அப்பா மறக்காமல் பால் வாங்கி வருவார். வெளியிலிருந்து பார்த்தால் சண்டை சச்சரவே இல்லாத குடும்பம். சபையில் எங்களைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஜெபம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஆமென் சொல்லக் கூடாது. வயதில் சின்னவரில் தொடங்கி ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். முந்தியவர் சொல்லாமல் அடுத்தவர் சொல்ல முடியாது. எல்லோரும் சொல்லி முடிக்காமல் யாரும் எழுந்திருக்க முடியாது. ஏன் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "சேந்து சொன்னா யார் சொல்லலன்னு ஆண்டவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாதே" என்றார் அப்பா. அவர் வாழ்க்கையில் அடித்த ஒரே ஜோக் அதுதான். அதையும் அவர் ஜோக் என்று நினைத்துச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேர் அவர் போட்டுக் கொடுத்த கண்ணாடியில்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். அவருடைய தெய்வபயம் நடிப்பில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை, வேறு யாரோ வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த ஃபிரேமைப் புதுசு என்று சொல்லி ஒரு டீச்சருக்குக் கொடுத்துவிட்டார். அன்று மாலை ஜெபத்தில் பாதியில் அவருக்குக் குரல் எழும்பவில்லை. எழுந்தவர், கொட்டுகிற மழையில் குடைகூட எடுக்காமல் டீச்சர் வீட்டுக்கு நடந்தே போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தார். மற்றவர்கள் போலீசுக்குப் பயப்படுகிற மாதிரி அவர் ஆண்டவருக்குப் பயப்பட்டார். அந்தப் பயம் பொய்யாக இருந்திருந்தால் அதில் எங்காவது ஒரு ஓட்டை இருந்திருக்கும். நான் அதன் வழியாகத் தப்பித்திருப்பேன்.

என் கணவன் கூரியர் ஆபீசில் மேனேஜர். சபையில் கீபோர்டு வாசிப்பவன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அப்பா அவனிடம் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, குடும்பத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "தம்பி, சின்னதா ஒரு ஜெபம் பண்ணுங்களேன்" என்றார். அவன் கண்ணீரோடு ஜெபித்தான். அப்பாவுக்கும் கண் கலங்கிவிட்டது. அதோடு முடிந்தது. எங்கள் கடையில் ஒரு சாதாரண ஃபிரேம் எடுக்க வருகிறவர்களே நாலைந்தைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள்.

அவன் என்னை அடித்ததும் ஒரு ஜெபத்தின் நடுவில்தான். குக்கர் விசில் மேல் விசிலாக அடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி மண்டியிட்டேன். "ஆண்டவரைவிட உனக்கு அடுப்பு பெரிசாப் போச்சா?" என்று கேட்டுவிட்டு இடது காதோடு சேர்த்து ஒன்று விட்டான். பிறகு கண்ணை மூடி, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தான். குரலில் ஒரு பிசிறு இல்லை. காது ஜவ்வு கிழிந்திருக்கிறது, கேட்பது திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அது முதல் அடி இல்லை. ஒரு டாக்டர் பார்த்த முதல் அடி, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவன் வரப்போகிற அன்று காலையில் அம்மா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வரும்போது வைக்கிற அளவுக்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவர் வரார்னு உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"ஜெபத்துல சொன்னாரே, கேக்கலையா?"

"நேரா யாரும் சொல்லமாட்டீங்களா என்கிட்ட?"

"எனக்கு மட்டும் யார் நேரா சொல்றாங்க?" என்றாள்.

கத்தி நிற்கவில்லை. நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். "நான் போகலம்மா. இன்னொரு காது பாக்கி இருக்கு எனக்கு" என்றேன். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். என் காதைத் தொடப்போகிறாள் என்று நினைத்தேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நான் என்னடி பண்ணமுடியும்? சாயங்காலம் ஜெபத்துல சொல்லிப் பாக்கறேன்" என்றாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

கடைக்குப் போனேன். வீட்டில் வைத்து அப்பாவிடம் பேச முடியாது; கடையில் அவர் மனிதர்களோடு பேசுவார். ஒரு பெரியவர் முகத்தில் கண் சோதிக்கிற ஃபிரேமை மாட்டி, அப்பா லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா? அவசரமே இல்ல. உங்களுக்கு எது சரியாப் படுதோ அதைச் சொல்லுங்க." பெரியவர் மாற்றி மாற்றிச் சொல்லிக் குழப்பினார். அப்பா ஒருமுறைகூட முகம் சுளிக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பெரியவர்மேல் எனக்கு வந்த பொறாமையை என்னவென்று சொல்ல.

அவர் போனதும் சொன்னேன். "அப்பா, நான் அங்க போகமாட்டேன். இங்கயே இருந்துக்கறேன். உங்களுக்குப் பாரமா இருக்கமாட்டேன்."

அப்பா ஒரு லென்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். "அது ஆண்டவர் முன்னாடி நின்னு நீ கொடுத்த வார்த்தைம்மா."

"அவர் என்னை அடிச்சாருப்பா. ஒரு காது கேக்கல எனக்கு."

"தெரியும். ராத்திரி தூங்காம உனக்காக அழுதிருக்கேன்." அது உண்மையாகத்தான் இருக்கும். அவர் பொய் சொல்லமாட்டார். "அடிச்சதுக்கு அவர் ஆண்டவர்கிட்ட கணக்குக் கொடுப்பார். உன்னை இங்க வச்சுக்கிட்டா நான் கணக்குக் கொடுக்கணும். என்னால முடியாதும்மா. எனக்குப் பயமா இருக்கு."

துடைத்த லென்ஸையே மறுபடி மறுபடி துடைத்தார். எனக்கு அவரைப் பார்த்துப் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாக வெறுப்பாக இருந்தது. என்மேல் அவருக்கு அன்பு இல்லையென்றால் சண்டை போட்டிருக்கலாம்.

மாலையில் அவன் வந்தான். நன்றாகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், ஒரு பை ஆப்பிளோடு வந்தான். "மாமா, அத்தை" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். என்னைப் பார்த்து, "எப்படி இருக்கே? காது பரவாயில்லையா?" என்று கேட்டான், காது தானாகவே போய் எதிலோ இடித்துக்கொண்ட மாதிரி. என் பெட்டியை அம்மா கட்டி வாசல் பக்கம் வைத்திருந்தாள். நான் கட்டமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

சாப்பாட்டுக்கு முன்பு ஜெபம். நாலு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, அவற்றைப் பார்த்து மண்டியிட்டோம். அம்மா என் இடப்பக்கம். அவளுக்கு இரண்டு முழங்காலும் வீங்கியிருக்கும். மண்டியிடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொஞ்ச நாள் ஒரு துண்டை மடித்து அடியில் போட்டுக்கொண்டாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "உம்முடைய சமுகத்தில் சுகத்தைத் தேடாத மனதை எங்களுக்குத் தாரும்" என்று ஒருநாள் ஜெபித்தார். மறுநாளிலிருந்து துண்டு இல்லை.

முதலில் என்னை ஜெபிக்கச் சொன்னார். "எனக்குக் கேக்கறதுக்கு ஒன்னும் இல்ல" என்றேன். அடுத்து அவன் ஜெபித்தான். அருமையான ஜெபம், குறை சொல்ல முடியாது. தன் பலவீனத்தைச் சொல்லி அழுதான், தன்னைத் தூசி என்றான், புழு என்றான். அதில் அடி வரவில்லை, காது வரவில்லை, நான் வரவில்லை. அவனும் ஆண்டவரும் மட்டும்தான் இருந்தார்கள், இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். அப்பா "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று விம்முவது வலது காதில் கேட்டது.

பிறகு அம்மா. உலகத்தின் விதவைகளுக்காகக் கேட்டாள், நோயாளிகளுக்காகக் கேட்டாள். கொஞ்சம் நிறுத்தினாள். "ஆண்டவரே, என் பிள்ளைக்குக் காது ஆறுற வரைக்குமாவது…" என்று இழுத்தாள். அப்பா தொண்டையைச் செருமினார். சின்னச் செருமல்தான். "…காது ஆறுற வரைக்கும் நீரே அவளுக்குத் துணையா இரும்" என்று அம்மா வாக்கியத்தைத் திருப்பிவிட்டாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

கடைசியாக அப்பா ஜெபித்தார். பிரிந்தவர்களைச் சேர்ப்பவரே என்று ஆரம்பித்து, நான் இன்றைக்கே, மனநிறைவோடு, கீழ்ப்படிதலோடு புறப்பட்டுப் போகக் கிருபை கேட்டு முடித்தார்.

நான்தான் சின்னவள். நான்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா காத்திருந்தார். கடையில் காத்திருப்பது போலவே, கோபமில்லாமல், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி என்று காத்திருந்தார். அவன் ஒருமுறை பெருமூச்சு விட்டான். என் முழங்காலே மரத்துப்போயிருந்தது என்றால் அம்மாவின் முழங்கால் என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும். அவள் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து என் தோளில் இடித்தது. மறுபடி நிமிர்ந்தாள். மறுபடி சாய்ந்தாள். அவள் வாய் என் இடது காதருகே வந்தது. மூச்சுச் சூடு பட்டது. ஏதோ சொன்னாள். சொல்லிடு என்றாளோ, சொல்லாதே என்றாளோ. அந்தக் காதில் எனக்கு ஒன்றும் விழவில்லை.

விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வார்த்தை மட்டும்தான் என் கையில் இருந்தது. இதை நான் கொடுக்காதவரை அப்பாவால் எழுந்திருக்க முடியாது, ஆண்டவர் பெயரைச் சொல்லி என்னை வாசல் தாண்ட வைக்கவும் முடியாது.

அப்போது அம்மா சத்தமாகச் சொன்னாள்: "அவ சொல்லிட்டா. எனக்குக் கேட்டுச்சு."

நான் கண்ணைத் திறந்தேன். அம்மா கண்ணை இறுக்க மூடியிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

மண்டியிட்டபடி பொய் சொல்வது எங்கள் வீட்டில் கொலையைவிடப் பெரிது. சின்ன வயதில் நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன், அற்பப் பொய். அரைப்பரீட்சையிலிருந்து முழுப்பரீட்சை வரை அப்பா என்னை ஜெபத்தில் சேர்க்கவில்லை. எல்லாப் பேச்சும் ஜெபத்தில் நடக்கிற வீட்டில் ஜெபத்தில் சேர்க்கவில்லையென்றால் அந்த ஆள் வீட்டில் இல்லை என்று அர்த்தம். சோறு வைப்பார்கள், முகம் பார்க்கமாட்டார்கள். நான் குழந்தை, தாங்கிக்கொண்டேன். அம்மாவுக்குப் போக வேறு வீடு இல்லை.

"சொல்லல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அப்பா நம்பிவிட்டார். அவளை நம்பாமல் இருக்க அவருக்கு இத்தனை வருஷத்தில் ஒரு காரணமும் கிடைத்ததில்லை. அவன் உடனே "ஆமென்" என்றான், பாட்டு மாதிரி. அம்மா சொன்னாள். அப்பா "ஆமென், ஸ்தோத்திரம்" என்று சொல்லி எழுந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "சாப்பாடு ஆறிடுச்சு பாரு, எடுத்து வை" என்றார்.

அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. நாற்காலியைப் பிடித்து ஊன்றிப் பார்த்தாள், முழங்கால் விடவில்லை. நான் எழுந்து தூக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பவும் இல்லை.

"பாத்து அத்தை, மெதுவா" என்று என் கணவன் குனிந்து கையை நீட்டினான். வலது கை. நகமெல்லாம் சுத்தமாக வெட்டி, கீபோர்டு வாசிக்கிற கை.

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளாலும் அதைப் பற்றிக்கொண்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன் மேல் போட்டு, எழுந்து நின்றாள். நின்ற பிறகும் அதை விடவில்லை.