எட்டில் எழுந்தவன்

எமில் வ்ராபல் சமையலறைத் தரையில் விழுந்து பழகிக்கொண்டிருந்தான். சனிக்கிழமைக் குத்துச்சண்டையில், மூன்றாவது சுற்றில், அவன் விழுந்து தோற்க வேண்டும். நியூவார்க்கின் பந்தயச் சூதாட்டத்தையெல்லாம் கையில் வைத்திருந்த ஹாஸ்கலின் உத்தரவு அது. மீறினால் வலது கையை உடைத்துவிடுவார்கள். எமிலின் மானேஜர் கஸ், அவனைக் கேட்காமலேயே தலையாட்டிவிட்டு வந்திருந்தான்.

எமிலின் மனைவி டோரி முட்டைக்கோஸ் சூப்பைக் கிளறியபடி பார்த்தாள்.

"இப்படியா விழுவாங்க? மாவு மூட்டைய இறக்கி வைக்கிற மாதிரி இருக்கு."

"இத்தன வருஷமா விழாம இருக்கத்தானே கத்துக்கிட்டேன்."

"அப்ப விழாத."

"கை போயிடும், டோரி."

கை உடைந்தால் தொழில் போகும். விழுந்தால் ஆளே போய்விடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு வாரமாகக் கண்ணாடி பார்க்காமலேயே சவரம் செய்துகொண்டிருந்தான், தாடையெல்லாம் கீறல்.

சனிக்கிழமை, மூன்றாவது சுற்று. எதிராளி பர்க்கின் கையுறை காதோரம் உரசியதுதான் தாமதம், எமில் சாய்ந்தான். நடுவர் எண்ணத் தொடங்கினார்; பத்துக்குள் எழாவிட்டால் தோல்வி. கூட்டத்தில் இருந்த டோரி முகத்தைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தாள்.

விழுந்தவன் துள்ளி எழக் கூடாது, மூச்சு வாங்கிக்கொண்டு எட்டில் எழ வேண்டும் என்பது பயிற்சிக்கூடத்துப் பாடம். தினமும் காலையில் எமிலைத் தரையில் படுக்கவைத்து, எட்டு எண்ணி எழுப்பியிருந்தார்கள். நடுவர் "எட்டு" என்றார். எமிலின் கால்கள் எழுந்து நின்றன. அரங்கத்திலேயே அதிகம் திகைத்தவன் அவன்தான். பல வருடம் கழித்து அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்றுகூட, அந்த முகத்தை நினைத்து டோரி சிரித்தாள்.

"டேய், படுடா," என்று மூலையிலிருந்து கஸ் பல்லைக் கடித்தான்.

எமில் மறுபடி விழுந்தான். மறுபடி எட்டு, மறுபடி எழுந்தான். கூட்டம் நாற்காலிகளின் மேல் ஏறி நின்றது.

"நீ என்ன, பேயா?" என்றான் பர்க். பயத்தில் கண்டபடி வீசி வீசி, ஐந்தாவது சுற்றில் அவனுக்குக் கை தூக்கவே தெம்பில்லை. எமிலின் இடது கை ஒரே ஒரு முறை போய் வந்தது. நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை பர்க் நிம்மதியாகப் படுத்திருந்தான்.

உடைமாற்றும் அறைக்கு ஹாஸ்கல் ஒரு அடியாளோடு வந்தான். டோரி குறுக்கே நின்றாள்.

"விழச் சொன்னேனே," என்றான் ஹாஸ்கல்.

"விழுந்தேனே, மிஸ்டர் ஹாஸ்கல். ரெண்டு தரம்."

"எந்திரிக்கச் சொன்னது யாரு?"

"நடுவர் எட்டுன்னாரு."

அடியாளும் பழைய குத்துச்சண்டைக்காரன். காது நசுங்கிய முகத்தில் சிரிப்பு பரவியது. "நிஜம்தான் பாஸ். தூக்கத்துல யாராவது எட்டுன்னா நானே எந்திரிச்சிருவேன்."

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு பத்திரிகைக்காரர்களும், பின்னால் ஒரு போலீஸ் சார்ஜெண்டும் நுழைந்தார்கள். எல்லோருக்கும் அந்த வலது கையைக் குலுக்க வேண்டும். ஹாஸ்கல் தொப்பியை எடுத்துக்கொண்டான்.

"யோக்கியனக்கூட பேசி மடக்கிடலாம்," என்றான் கஸ்ஸிடம். "சொன்ன பேச்சு கேக்காத கால வச்சுக்கிட்டு என்ன செய்யிறது? இனிமே இவன் பேர எங்கிட்ட எடுக்காத."

பேச்சு ஊரெல்லாம் பரவியது. அதன்பின் எமிலை யாரும் விழச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் டோரி கேட்டாள். "மொதல் தடவ எந்திரிச்சது காலு. சரி. ரெண்டாவது தடவ?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ரெண்டாவது தடவ நான்தான்."

அவள் அவன் வலது கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.