அச்சேறாத கடைசிப் பக்கம்

அந்த மாத நாவலின் தொண்ணூற்றாறாம் பக்கம் அச்சாகாமல் போனதால், அதில் கைதாகியிருக்க வேண்டிய கொலைகாரன், அதை எழுதியவரின் எதிர்வீட்டு மாடிக்குக் குடிவந்தான். ஒரு பெட்டி, ஒரு பிரம்பு நாற்காலி, சாம்பல் நிற முழுக்கைச் சட்டை. பார்த்தால் பரம சாது. குடி கிடையாது, விருந்தாளி கிடையாது, சத்தமே கிடையாது, இப்படி ஒரு ஆள் அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நடுவெயிலில் அவன் நடந்து போனால் மட்டும், மலிவுத் தாளில் பின்பக்கத்து அச்சு தெரிவதுபோல, அவன் முதுகில் ஒரு கூந்தல்காரியின் சிரித்த முகமும் ஒரு எண்ணெய் பாட்டிலும் மங்கலாகத் தெரியும். தெருப் பெண்கள் முதலில் உற்றுப் பார்த்தார்கள். பிறகு அந்த எண்ணெய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

பக்கத்தை விழுங்கியதே அந்த எண்ணெய் விளம்பரம்தான். நாவலை எழுதியவர் எதிரே கீழ்வீட்டில் இருந்தார். தெருவுக்கு அவர் மாதநாவல்காரர். மாதம் ஒரு கொலைக்கதை, தலைவலி காய்ச்சல் எது வந்தாலும் தப்பாது. காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவார். சமையலறையில் மனைவி ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்ப்பாள், இடையிடையே கரண்டியோடு வந்து எழுதிய தாள்களைப் படித்து, "ஏங்க, இந்த வக்கீலைத்தான் மூணாம் அத்தியாயத்துலயே கொன்னுட்டீங்களே, மறுபடி காபி குடிக்கிறாரு?" என்று பிழை பிடிப்பாள். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் எழுதுவார். கொலைகாரனை உள்ளே தள்ளிவிட்டால் மற்றதை நிம்மதியாக எழுதலாம் என்பார். அந்தத் தாளை மட்டும் கட்டின் அடியில் வைத்து அனுப்புவார். விளம்பரத்துக்கு ஒரு பக்கம் வேண்டியிருந்தபோது அச்சக மேலாளர் அடியில் இருந்த தாளை உருவிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் உருவுவார்கள்.

எழுத்தாளர் செய்த தவறு வேறு. அது அவசரத்தில் எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்வது: கைக்கு எட்டிய ஆளைப் பிடித்துக் கதைக்குள் போட்டுக்கொள்வது. கதையில் அந்த ஆசாமி, வேலை செய்துகொண்டே பாட்டு முணுமுணுக்கும் பெண்களைத் தேடிப் போய்க் கழுத்தை நெரிப்பவன். இரண்டு பெண்களைக் கற்பனையிலிருந்து எடுத்தார். மூன்றாவதற்கு நேரம் இல்லை. காதோர மச்சம், இடது கையால் கதவைத் திறப்பது, பாதியில் வரியை மறந்துவிட்டு மெட்டை மட்டும் இழுப்பது என்று மனைவியை அப்படியே எழுதி, அந்தத் தாள்களை மட்டும் அவள் படிக்குமுன் அனுப்பிவிட்டார். அச்சான கடைசி வரி இதுதான்: மணி அடித்தது, அவள் கதவைத் திறந்தாள். அவன் மணிக்கட்டை இன்ஸ்பெக்டர் பிடிப்பது அடுத்த பக்கத்தில் இருந்தது.

ஆசாமி மாடியில் நாற்காலி போட்டு அவர்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தான். தெருவில் எதிர்ப்பட்டால் மரியாதையாக ஒதுங்கி, "அக்கா, இன்னிக்கு உங்க வீட்டுல தண்ணி வந்துச்சா?" என்று கேட்பான். எழுத்தாளர் பதறிக்கொண்டு பதிப்பாளரிடம் ஓடினார். "யாரு சார் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கிறாங்க? பஸ் வந்ததும் மூடி வச்சிடுறாங்க" என்று சிரித்த அவர், பாவம் என்று விடுபட்ட பக்கத்தை அடுத்த மாதப் புத்தகத்தின் கடைசியில் போட்டார். அது வேறொருவர் எழுதிய பேய்க்கதை. இன்ஸ்பெக்டர் கடமை தவறாமல் அந்தக் கதைக்குப் போய், பாழடைந்த பங்களாவில் பேயைக் கைது செய்துவிட்டார். எழுத்தாளர் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் போனார், அங்கே அவருடைய நாவலை ரசித்துப் படித்திருந்தார்கள். ஆனால் அந்த ஆள் இன்னும் ஒன்றும் செய்யவில்லையே என்று கையை விரித்தார்கள்.

ஒருநாள் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கதையில எனக்கு என்ன ஆகுது?"

"கதவைத் திறக்கிற."

"அப்புறம்?"

"அப்புறம் பக்கம் இல்ல."

அன்றோடு அவள் முணுமுணுப்பது நின்றது. வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனத்தை எழுத்தாளரால் தாங்க முடியவில்லை. பயம் மனிதனை என்ன செய்யவைக்கும் என்று அத்தனை வருடம் எழுதியவர், தானும் அதையே செய்தார். மேசையில் உட்கார்ந்து தொடர்ச்சி எழுதினார்: அவன் கவனம் தெருமுனைத் தையல்காரியின் பக்கம் திரும்பியது, அவளும் மிஷினை மிதித்துக்கொண்டே பாடுகிறவள். மை காய்வதற்குள் மாடியில் பிரம்பு நாற்காலி தெருமுனையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவருக்கு அப்படியொரு நிம்மதி. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

மனைவி வழக்கம்போல வந்து தாளைப் படித்தாள். பிழை எதையும் சொல்லவில்லை. "எனக்குப் பதிலா அவளைக் குடுக்கிறீங்களா? அவளுக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குங்க" என்றாள். தாளை நாலாகக் கிழித்தாள். எதிரே நாற்காலி பழையபடி திரும்பும் சத்தம் கேட்டது, பிறகு படிகளில் செருப்புச் சத்தம். மணி அடித்தது. எழுத்தாளர் மேசையின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் போய் இடது கையால் கதவைத் திறந்தாள்.

அவன் இரண்டு கைகளையும் கழுத்துயரத்துக்குத் தூக்கியபடி வாசலில் நின்றான். அதற்கு மேல் நகரவில்லை, வரி அதோடு முடிந்திருந்தது.

"போயிட்டான்னு எழுதுங்க" என்றாள் அவள். எழுதினார், அவன் தெருமுனைப் பக்கம் திரும்பினான். உடனே அந்த வரியை அடித்தார், அவன் திரும்பி வந்து நின்றான். போவதென்றால் ஒரு பெண்ணிடம்தான் போவான். வேறு வேலை எதையும் அவனுக்கு அவர் எழுதியிருக்கவில்லை. செத்தான் என்று எழுதினார், திருந்தினான் என்று எழுதினார், பேய்க்கதைக்குப் போன இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார் என்றும் எழுதினார். அவன் லேசாக இருமினானே தவிர அசையவில்லை. அவரே நம்பாமல் எழுதிய வரி எதுவும் நடக்கவில்லை. அவர் முழுதாக நம்பிய வரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அந்தக் கைகள் அவள் கழுத்தில் இறங்கும் வரி. பேனா தாளைத் தொட்டபோதெல்லாம் அது தானாக வந்து நுனியில் நின்றது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

அதன்பிறகு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை, கையெழுத்தும் போடுவதில்லை. பேய்க்கதைக்காரருக்கு மாதம் இரண்டு நாவல் கிடைத்தது. எழுத்தாளர் அச்சகத்திலேயே புத்தகக் கட்டுகளுக்குக் கயிறு கட்டும் வேலைக்குப் போனார். வாசலில் நிற்பவனுக்கு வீடு பழகிவிட்டது, வீட்டுக்கும் அவன் பழகிவிட்டான். பால்காரர் அவன் கையிடுக்கு வழியாகப் பாக்கெட்டை நீட்டுவார். வருகிறவர்கள் குனிந்து நுழைவார்கள். வருடங்கள் போயின.

விடுமுறை நாட்களில் மதியம் எழுத்தாளர் கண்ணயரும்போது வலது கை விரல்கள் தலையணைமேல் எழுதுவதுபோல அசையும். அப்போது வாசலில் நிற்பவனின் இடது கால் கொஞ்சம் உள்ளே நகரும். அவள் ஓடி வந்து கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். கால் நின்றுவிடும், ஆனால் பின்வாங்காது. இப்போது அது நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் இருக்கிறது. வீடு கூட்டும்போது அவள் அந்தக் காலைச் சுற்றிக் கூட்டுகிறாள்.